இரண்டாவது கியர்

காலையில் மட்டும்தான் கடிக்கும்.
ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது
சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி
ஒரு நறநறப்பு.
பாமணி ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள்
சூடேறிச் சமாதானமாகிவிடும்.

தூக்கத்தில் பல் கடிப்பவர்கள்
மாதம் நாலு பேராவது என்னிடம் வருகிறார்கள்.
அச்செடுத்து, உறை செய்து கொடுத்து,
கவலையை விட்டுவிட்டுப் படுங்கள் என்று
எனக்கே நம்பிக்கையில்லாததைச் சொல்லி அனுப்புகிறேன்.
இந்தச் சிவப்பு வண்டிக்கு என்ன கவலை?
இரண்டே இருக்கை, தரையை உரசும் வயிறு.
ரோட்டில் காயும் நெல்லைச் சுற்றி
நத்தையாக நகரவா
இருநூறு குதிரைகளை வாங்கினீர்கள் டாக்டர் என்று
மன்னார்குடியே கேட்டாயிற்று.

திருவாரூர் கடையில் செங்குட்டுவன்
ஒரு டப்பாவை மேஜையில் தட்டி வைத்தார்.
"ஜி.எல். ஃபைவ். இதைவிட உசத்தி கிடையாது.
நாலைவிட அஞ்சு பெரிசுதானே?"
மூடியைத் திறந்து முகர்ந்தேன்.
ஊசிப்போன முட்டை. கந்தகம்.
பித்தளைக் குடத்தை நாள் தவறாமல்
புளி போட்டுத் தேய்த்தால்
பளபளப்பாகவே ஓட்டையாகும்.
கியர் பெட்டிக்குள் இருக்கும்
பித்தளை வளையங்களுக்கும் அதே கதி.
தவிர, இது ரொம்ப வழுக்கும்.
வளையம் கொஞ்சம் பிடித்து நிறுத்தினால்தானே
சக்கரமும் தண்டும் ஒரே வேகத்துக்கு வந்து
மரியாதையாகக் கோத்துக்கொள்ளும்?
இதைச் சொன்னேன்.
"வழுக்காத எண்ணெய் வேணும்னா
தண்ணி ஊத்துங்க" என்றார், கோபமில்லாமல்.

ஜி.எல். ஃபோர், எழுபத்தைந்து எண்பது, மூன்று லிட்டர்.
சென்னையிலிருந்து ஆம்னி பஸ்ஸின் வயிற்றில்
யாருடைய கல்யாணப் பாத்திரங்களோடோ
படுத்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை.
நீடாமங்கலம் போகும் வழியில்
அறுவடை மெஷின்கள் ஓய்வெடுக்கும் கொட்டகை.
எண்ணெய் இளக, வடுவூர் வரை ஓட்டித் திரும்பியிருந்தேன்.
வண்டி சமதரையில் நிற்க வேண்டுமாம்.
இந்தப் பக்கம் மேட்டைத்தான் தேடிப் போக வேண்டும்.

மரியதாஸ் ஸ்பேனரை
நேரே கீழ் மூடிக்குக் கொண்டுபோனான்.
மேல் மூடி முதலில் என்றேன்.
"வடிக்கத்தானே வந்தோம்?"
அது திறக்காமல் போனால்?
ஊற்ற வழியில்லாத வெறும் பெட்டியோடு
இங்கேயே கிடக்கும் வண்டி.
ஒரு நிமிஷம் யோசித்தான்.
"வாய்க்கால்ல தண்ணி வருதான்னு பாக்காம
வடிகாலை வெட்டிவிட்ட மாதிரி."
அவனுக்கு மூணு மா குத்தகை.

மேல் மூடி திறக்கவில்லை.
முன்பு எவனோ முனை மழுங்கத் திருகியிருந்தான்.
மரியதாஸ் நீளக் குழாயை மாட்டித்
தொங்கத் தயாரானான்.
வேண்டாம், தா இங்கே.
பல் டாக்டர்கள் பிடுங்குகிறார்கள் என்பது
வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களின் நினைப்பு.
அசைக்கிறோம்.
முன்னால் ஒரு மயிரிழை, பின்னால் ஒரு மயிரிழை,
எலும்பு தானாகக் கைவிடும்வரை.
கொஞ்சம் சூடு காட்டி,
இறுக்கும் திசையிலும் ஒரு தட்டுத் தட்டி,
நாற்பது நிமிஷம்.
டக்.
அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும்,
மணிக்கட்டில் கேட்கும்.

பிறகு கீழ் மூடி.
கடுங்காப்பியாக இறங்கியது.
வெயிலில் சட்டியைச் சாய்த்தால்
தங்கப் பொடி மினுங்குகிறது. என் வளையங்கள்.
மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில்
பூனை நாக்குப் போல் சொரசொரவென்று இரும்பு.
துடைத்த விரலின் ரேகைக்குள்
இரண்டு நாள் இருந்தது.

புது வாஷர். தேன் நிறத்தில் புது எண்ணெய்,
மேல் துளையில் நூலாக வழியும்வரை.
வழிந்ததும் மூடு.
இவ்வளவு தெளிவான கட்டளை
என் தொழிலில் ஒன்றுகூட இல்லை.

பழையதை வேலிக்காலில் ஊற்றக் கேட்டான் மரியதாஸ்,
கரையான் அண்டாதாம்.
வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்கால்.
தரவில்லை. முகம் சுண்டிப்போயிற்று அவனுக்கு.

திங்கள் காலை. ஒன்று. இரண்டு.
நறநறப்பு போய்விடவில்லை.
தேய்ந்த பித்தளையை
எந்த எண்ணெயும் திருப்பித் தராது.
ஆனால் கடிப்பதற்கு முன்
இப்போது ஒரு தயக்கம்;
அதற்குள் மாற்றிவிடுகிறேன்.

தஞ்சாவூரில் கழிவெண்ணெய் வாங்குகிறவர்
ஒருவர் உண்டாம்.
டிக்கியில் இடமில்லாமல்
கேனைப் பக்கத்து இருக்கையில் வைத்து,
கவிழாதிருக்க பெல்ட்டும் போட்டிருக்கிறேன்.
ரயில்வே கேட்டில் நிற்கையில்
கடலை விற்கும் பையன் குனிந்து பார்த்து
"அவங்களுக்கு?" என்றான்.